சந்து விட்ட எழுத்துகள்

காலை 10.05. மாமல்லபுரம் கடற்கரையில் திறப்பு விழாவுக்குத் தயாராக இருந்த ‘ஷெல் வில்லா’ விடுதி. பெயர்ப் பலகைக்குத் தேர்வான எழுத்துருவை வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எழுத்துகள் ரஞ்சிதாவுடையவை. கீழே இருந்த பெயர் பார்த்திபன்.

பத்து நாளைக்கு முன், கேளம்பாக்கத்தில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில், இந்த எழுத்துகளை வரைந்துவைத்திருந்த அவளுடைய நோட்டு காணாமல் போனது. பார்த்திபன் அங்கே பக்கத்து மேசைக்காரர். மறுபடி வரைந்து நேற்று இங்கே கொண்டுவந்தவளை விடுதி மேலாளர் ஜாய்ஸ், ஊழியர்கள் முன்னாலேயே, “திருடிட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?” என்று கேட்டுவிட்டார். பொருளும் போய்ப் பேரும் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? ரஞ்சிதா நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வரலட்சுமி சுவரைப் பார்த்தார். வ, ல, ம என்று மூடிக்கொள்ளும் எழுத்துகளிலெல்லாம் கோட்டில் ஒரு சின்னச் சந்து. ட, ப-வில் இல்லை. ‘ஷ’வுக்கு வாலில் இருந்தது.

10.20.

“இந்தச் சந்து எங்கிருந்து வந்துச்சு?”

பார்த்திபன் தயாராக இருந்தார். “வேடந்தாங்கல்ல நத்தை குத்தி நாரை பாத்திருக்கீங்களா மேடம்? வாய மூடினாலும் அலகுக்கு நடுவுல சந்து தெரியும். அதான் இன்ஸ்பிரேஷன்.”

அழகான பதில். வரலட்சுமிக்கே பிடித்துவிட்டது.

“நீ சொல்லும்மா” என்று ரஞ்சிதாவிடம் திரும்பினார்.

“எங்க நைனா படகுக்குப் பேரு போடற தகரம் மேடம். அதுல எழுத்த வெட்டி எடுத்துட்டு, படகு மேல வெச்சு பெயின்ட் அடிப்பாரு. அதுலயும் சந்து கீது. நோட்டுல தமிழ் எழுத்து பூரா போட்டுட்டேன். வடமொழி எழுத்துதான் பாக்கி.”

பார்த்திபன் சிரித்தார். “சாக்கடை மூடியிலயும்தான் சந்து இருக்கு.”

11.15. வரலட்சுமி அட்டையும் பிளேடும் வாங்கிவரச் சொன்னார். சுவரிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அட்டையில் பதித்து, கோடுகளை வெட்டி எடுத்தார். ‘வ’வின் வயிற்றுப் பகுதி அட்டையோடு ஒட்டி நின்றது. ல, ம, க எல்லாம் அப்படியே. கடைசியாக ‘ஷ’. அதன் வயிறு கழன்று தரையில் விழுந்தது.

“சந்து அழகுக்கு இல்ல சார். நடுத்துண்டு விழாமப் பிடிச்சுக்கறதுக்கு. ட, ப-வுல விழ ஒண்ணும் இல்ல, அதனால சந்தும் இல்ல. மத்த எழுத்தெல்லாம் தகரம் வெட்டறத கூட இருந்து பாத்தவங்க போட்டது. ‘ஷ’ அவ நோட்டுல இல்ல, ஆனா ஓட்டல் பேருல இருக்கு. நீங்களா வரைஞ்சீங்க, சந்த வால்ல வெச்சுட்டீங்க. நோட்டு எங்க?”

பார்த்திபனுக்கு நாரை கைகொடுக்கவில்லை. “வண்டில இருக்கு” என்றார்.

ஜாய்ஸ் ரஞ்சிதாவின் பக்கம் வந்து தணிந்த குரலில், “சாரிம்மா” என்றார்.

“நேத்து இப்டி மெதுவாவா கேட்டீங்க?” ரஞ்சிதா விடவில்லை. “எல்லாரும் இருக்கசொல்லதான திருடின்னீங்க? எல்லாரையும் கூப்டு சொல்லுங்க.”

ஜாய்ஸ் சமையலறைக் கதவைத் திறந்து எல்லோரையும் கூப்பிட்டார்.