இரவல் நாற்காலிகள்

வாழ்வளவி வரும் நாளில் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று செல்வக்கனிக்கும் அவள் புருஷனுக்கும் ஒரு வாரமாக வாக்குவாதம். புருஷன் தங்கதுரை இருந்தது நார்வேயின் வடகோடியில், ஒரு மீன்பதன ஆலையில். அவள் இருந்தது தூத்துக்குடியில். சண்டை நடந்தது, முகம் பார்த்துப் பேசும் சமையலறைத் தொலைச்சுவரில். அது சூடு பிடிக்கும்போதெல்லாம் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன், ஒண்ணுமே செய்யாத. கிழிஞ்ச பாயை விரி. ஃபேனை நிப்பாட்டு. அளக்குத ஆளு வந்தா பச்சத்தண்ணி மட்டும் குடு."

"வீட்டுக்கு வந்தவருக்குப் பச்சத்தண்ணியா? என்ன நினைப்பாவ?"

"பாவம்னு நினைக்கட்டும். அதுதான நமக்கு வேணும்!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. முன்பெல்லாம் ஒரு நாட்டையும் இன்னொரு நாட்டையும் பணத்தை வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். அங்கே ஒரு காப்பி குடிக்கிற காசுக்கு இங்கே ஒரு குடும்பமே ஓட்டலில் சாப்பிட்டுவிடும் என்றானபோது அந்தக் கணக்கு யாருக்கும் விளங்காமல் போயிற்று. மேதைகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் வாழ்வளவி வந்தது. அது பணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சாப்பாடு, தண்ணீர், காற்று, தூக்கம், சிரிப்பு, ஆபத்து என்றால் ஓடிவர ஆள் உண்டா என்பது வரை எல்லாவற்றையும் நேரடியாக எடை போட்டு நூற்றுக்கு ஓர் எண் கொடுக்கும். இந்த நாட்டில் ஓர் ஆளுக்கு அந்த நாட்டில் ஓர் இணையர் உண்டு. வயதும் தொழிலும் ஒன்றாக இருக்கும். இருவரின் எண்ணுக்கும் நடுவே இடைவெளி நாற்பதைத் தாண்டினால், எண் குறைந்தவருக்குப் பெயர்வுரிமை, அதாவது எல்லை தாண்டிக் குடியேறும் உரிமை, கிடைக்கும்.

செல்வக்கனி இறால் ஆலையில் தரம் பிரிப்பவள். அவளுடைய இணையர் இங்கிரிட் என்ற பெண், தங்கதுரை இருந்த அதே துறைமுக நகரத்தில் அதே இறாலைத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளைவிட நாம் நாற்பது மடங்கு கஷ்டப்படுகிறோம் என்பதில் செல்வக்கனிக்குச் சந்தேகமே இல்லை. நாலு வருஷமாகப் புருஷனைச் சுவரில்தான் பார்க்கிறாள். காய்ச்சல் என்றால் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு அவனோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சொன்னபடியே கிழிந்த பாயை விரித்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். அளவர் கோமதிநாயகம் பூசணிக்காய் அளவில் இருந்த கருவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றார். எங்கே உட்காருவது என்று அவர் கண்கள் தேடின. அந்த ஒரு பார்வையில் செல்வக்கனியின் உறுதி ஆட்டம் கண்டது.

"உள்ள வாங்க சார்" என்று வாய் சொல்லிவிட்டது. கை தானாகப் போய் மின்விசிறியைப் போட்டது.

பக்கத்து வீட்டு முத்துக்கிளி அதற்குள் இரண்டு நாற்காலியோடு வந்துவிட்டாள். "ஏட்டி, ஆபீசரைத் தரையிலயா உக்கார வைப்ப? தெருவுக்கே அவமானம்லா!" பின்னாலேயே எதிர்வீட்டு சோபா வந்தது. யாரோ விளைமீன் குழம்பு கொண்டுவந்தார்கள். இன்னொருவர் தட்டு நிறைய மக்ரூன் வைத்தார். விருந்தாளியைப் பார்க்க வந்தவர்கள் விருந்தாளியை மறந்து தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கருவி பூனைபோல் உறுமிக்கொண்டே இருந்தது.

"அம்மா, வழக்கம்போல இருங்கன்னுதான தகவல் அனுப்பியிருந்தோம்?" என்றார் கோமதிநாயகம், வாயில் மக்ரூனோடு.

"எங்களுக்கு இதுதான் சார் வழக்கம்" என்றாள் முத்துக்கிளி.

பொய் இல்லை. அதுதான் வம்பாகப் போயிற்று.

முடிவு வந்தபோது தொலைச்சுவரில் தங்கதுரையும் இருந்தான். இடைவெளி நாற்பத்து நாலு, பெயர்வுரிமை வழங்கப்படுகிறது என்று எழுத்துகள் ஓடின. செல்வக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதே விட்டாள். தங்கதுரைதான் அடுத்த வரியைப் படித்தான்.

"யாருக்குன்னு பாருட்டி."

இங்கிரிட்டுக்கு.

செல்வக்கனியின் எண் எழுபத்தெட்டு. இங்கிரிட்டின் எண் முப்பத்து நாலு. இங்கிரிட் தகவலில் இருந்ததை அட்சரம் பிசகாமல் செய்திருந்தாள். வழக்கம்போல் இருந்தாள். வேலை முடிந்து வந்தாள், ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துத் தின்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தூங்கினாள். வந்த அளவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, கொடுக்கச் சொல்லி விதியில் இல்லை. வீட்டுச் சூட்டுக்கும் மருந்துக்கும் குடிநீருக்கும் முழு மதிப்பெண் போட்ட கருவி, நாள் முழுக்க அந்தக் கதவை ஒருவரும் தட்டவில்லை என்பதைக் கண்டதும் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டது.

"மக்ரூன் வேற குடுத்தியாக்கும்!" என்று தங்கதுரை கத்தினான். ஒழுகுகிற கூரையும் குடத்தில் வருகிற தண்ணீரும் உள்ள வீடு எப்படி அந்த வீட்டைவிட மேலாகும்? கருவிக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறதா, தனக்கா என்று புரியாமல் அன்று முழுக்க எதையோ தேடுகிறவள்போல வீட்டுக்குள் சுற்றினாள்.

பெயர்ந்து வருகிறவர் இணையரின் வீட்டில் தங்கலாம் என்பது சட்டம். கம்பளிக் கோட்டோடு சித்திரை வெயிலில் வந்து இறங்கினாள் இங்கிரிட். முகம் வெந்து சிவந்திருந்தது. காதில் மொழிச்செவி மாட்டியிருந்தாள். அவள் முணுமுணுப்பதை அது பத்திரிகைத் தமிழில் உரக்கச் சொல்லும்.

"வணக்கம். தங்களுக்கு நேர்ந்த ஏமாற்றத்திற்கு நான் மிகவும் வருந்துகிறேன்."

திட்டுவதற்காகச் செல்வக்கனி ஒரு வாரமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தால், "வாங்க. சாப்ட்டீங்களா?" என்றுதான் வந்தது. முத்துக்கிளி நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

மாடி அறையில் தங்கிய இங்கிரிட்டுக்கு எல்லாமே புதிராக இருந்தது. மின்சாரம் போனால் ஏன் எல்லோரும் தெருவுக்கு வந்து பேசுகிறார்கள்? கேட்காமலே ஏன் குழம்பு வருகிறது? பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது ஏன் வெறுமனே தரக் கூடாது? ஒரு நாள் இறால் குழம்பைத் தொட்டுச் சோறு தின்றுகொண்டே கேட்டாள்.

"நீங்கள் ஏன் அங்கே போக விரும்புகிறீர்கள்? அங்கே யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள்."

"எம் புருஷன் அங்க இருக்காவ."

மொழிச்செவி அதைச் சொல்லி முடித்த பிறகு இங்கிரிட் பாதிச் சோற்றோடு எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறு அளவைக்கு மனுப் போடலாம் என்று கோமதிநாயகம்தான் வழி சொன்னார். "ஆனா இந்தத் தடவை ஒரு மாசம்மா. கருவி உங்க வீட்டுச் சுவர்லயே தொங்கும். நடிச்சா கண்டுபிடிச்சிரும்."

தெருவே கூடிப் பேசியது. செல்வக்கனிக்காக எதையும் செய்யலாம் என்றார்கள். செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் என்று முடிவாயிற்று. ஒரு மாதத்துக்கு யாரும் அவள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது, குழம்பு கொடுக்கக் கூடாது, வாசலில் நின்று குரல்கூடக் கொடுக்கக் கூடாது. முத்துக்கிளி அழுதுகொண்டே சத்தியம் செய்தாள். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வேறு சில வீடுகளும் இதைக் கேட்டுக்கொண்டு மனுப் போட்டன. முத்துக்கிளியும் போட்டாள், அவள் மகனும் அங்கேதான் இருக்கிறான். வீட்டுக்கு வீடு சுவரில் பச்சை விளக்கோடு வாழ்வளவி தொங்கியது.

இங்கிரிட் மாடிப்படியில் நின்று கேட்டாள். "எல்லோரும் எங்கே போனார்கள்? நான் ஏதேனும் தவறு செய்துவிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் செய்யல. நீங்களும் கீழ வராதீங்க" என்றாள் செல்வக்கனி. சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

முதலில் அது விளையாட்டுபோல்தான் இருந்தது. குழாயடியில் எதிர்ப்பட்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு சிரிப்பை அடக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. மின்சாரம் போனால் அவரவர் இருட்டில் அவரவர் உட்கார்ந்திருந்தார்கள். ஆக்கியதில் மிஞ்சியதைக் கொட்டினார்கள்.

மாதக் கடைசியில் முத்துக்கிளிக்குக் காய்ச்சல். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்டது. செல்வக்கனி கஞ்சி வைத்தாள். தூக்குவாளியில் ஊற்றினாள். வாசல்வரை போனாள். தலைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. தங்கதுரையின் முகம் நினைவுக்கு வந்தது. முத்துக்கிளியின் எண்ணும் இதில் கெட்டுப்போகும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். திரும்பி வந்து கஞ்சியை அவளே குடித்தாள்.

மாதம் முடிந்தபோது செல்வக்கனியின் எண் முப்பத்து மூன்று. இங்கிரிட்டுக்குப் பதிலாக அங்கே கொடுத்திருந்த புது இணையரின் எண் எழுபத்தைந்து. அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒரு தமிழன் தினமும் கதவைத் தட்டி மீன்குழம்பு கொடுக்கிறானாம், அதைச் சாக்கிட்டு அந்தக் கட்டடமே கூடிச் சாப்பிடுகிறதாம். அந்தத் தமிழன் தங்கதுரைதான். இந்த முறை அவனும் சும்மா இருக்கவில்லை.

"ஜெயிச்சிட்டோம்ட்டி! இங்க எல்லாரும் ஒனக்காகக் காத்துட்டு இருக்காங்க" என்று சுவரில் குதித்தான்.

கருவியைக் கழற்ற வந்த கோமதிநாயகத்திடம் செல்வக்கனி மெதுவாகக் கேட்டாள். "நடிச்சா கண்டுபிடிச்சிரும்னீங்களே சார். நாங்க நடிச்சது அதுக்குத் தெரியலையா?"

அவர் சுவரிலிருந்து கருவியை எடுத்தார். "நடிப்பு ஒரு வாரம்தாம்மா இருந்துச்சு. மிச்சத்தைத்தான் அது அளந்திருக்கு."

அன்று அவரும் பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

புறப்படும் நாளில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள் செல்வக்கனி. தெருவில் ஈ, காக்கை இல்லை. இங்கிரிட் பருத்திச் சேலையைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் வேர்வையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போகிறவர்களை எல்லோரும் கூடி வழியனுப்புவார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். ஆகவே நாற்காலி இரவல் கேட்கப் போனேன். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. நான் சரியாகத்தான் கேட்டேனா?"

"சரியாத்தான் கேட்டிருப்பீங்க."

செல்வக்கனி முத்துக்கிளியின் கதவுவரை போனாள். தட்டக் கையைத் தூக்கினாள். ஜன்னல் வழியே உள்ளே பச்சை விளக்கு தெரிந்தது. பின்னால் மனுப் போட்ட முத்துக்கிளிக்கு அளவை முடிய இன்னும் ஒரு வாரம் பாக்கி. மகனைப் பார்க்க அவளுக்கும் ஆசை இருக்காதா? தூக்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பினாள்.

இங்கிரிட் அதற்குள் அந்தக் கிழிந்த பாயை வாசலில் விரித்து, ஒரு தட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து தின்றார்கள். வீட்டுச் சாவியைச் செல்வக்கனி கொடுத்தாள். இங்கிரிட்டும் ஒரு சாவியைக் கொடுத்தாள்.

"என் வீட்டில் ஆறு நாற்காலிகள் உள்ளன. ஒன்றைத் தவிர மற்றவை புதியவை. யாரும் உட்கார்ந்ததில்லை."

இரண்டு பேரில் யார் வடக்கே போகிறார்கள், யார் போகவில்லை என்று ஒரு கணம் செல்வக்கனிக்குக் குழம்பிவிட்டது. வண்டி வந்து ஒலி எழுப்பியது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். முத்துக்கிளி வீட்டு ஜன்னலில் திரை விலகி, ஒரு கை மட்டும் வெளியே வந்து அசைந்தது. கருவி பார்த்துவிடுமோ என்று பயந்ததுபோல் உடனே உள்ளே போய்விட்டது.