இறங்காத ஆள்

மாற்றிப் போட்ட மூன்றாவது சுவிட்சும் அதே பொய்யைத்தான் சொன்னது.

லாபிர் ஃபோர்க்லிஃப்டின் பக்கத்தில் முழங்காலில் நின்றபடி அதன் சின்னத் திரையை முறைத்தான். முப்பத்தேழு. இரண்டு கிழமையாக அவனுடைய உயிரை வாங்கிக்கொண்டிருக்கும் அதே எரர் நம்பர். சீட்டில் ஏறிய ஆள் இன்னும் இறங்கவில்லை என்று அதற்கு அர்த்தம். மூட்டை ஏற்றுகிறவர்கள் அவசரத்துக்குச் சீட்டில் ஓர் உப்பு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, ஆள் இருப்பதாக மெஷினை ஏமாற்றுவார்கள். அதைத் தடுக்கத்தான் கம்பனிக்காரன் இந்தப் பூட்டைப் போட்டிருந்தான். ஆள் இறங்கி ஏறினால்தான் மெஷின் நகரும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சீட்டில் மூட்டையும் இல்லை, மனிதனும் இல்லையே! முஸீபத்துப் பிடித்த மெஷின்!

கரைத்தீவுக்குப் போகும் பாதையில் களப்பின் உப்புத் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது அந்த உப்பு ஸ்டோர். வெள்ளிக்கிழமை மத்தியான வெயிலில் தகரக் கூரை டக் டக்கென்று முறுகிக்கொண்டிருந்தது. ஈர உப்பும் பழைய சாக்கும் பெட்டரி அசிட்டும் கலந்த நெடி தொண்டைக்குள் இறங்கிக் கரகரத்தது. ஜன்னல் இல்லாத அந்த நீளக் கட்டடத்துக்கு வெளிச்சமென்று வந்தது ஒற்றைப் பெரிய வாசல் வழியாக மட்டுந்தான்.

அந்த வாசலில் வந்து நின்றார் ஸ்டோர் முதலாளி அத்தாஉல்லா ஹாஜியார். தொப்பி போட்டு, அத்தர் பூசி, பள்ளிக்குப் போகத் தயாராக இருந்தார்.

"லாபிர், பாங்கு சொல்லியாச்சு. எல்லாரும் போயிட்டாங்க. வாங்க, ஜும்ஆவ முடிச்சிட்டு வந்து பாப்பம்."

"நீங்க போங்க ஹாஜியார். அஞ்சு நிமிஷம், பின்னாலயே வாறன்."

"ரெண்டு லொறி வரப்போகுது. இண்டைக்கும் ஓடல்லாட்டி வேலைய கொழும்பு ஆக்களுக்குக் குடுக்கத்தான் வேணும். என்னில கோவிக்கப்படாது."

அவர் போய்விட்டார். லாபிருக்கு நெஞ்சு எரிந்தது. மாதம் தவறாமல் வரும் வேலையென்று அவனுக்கு இருந்தது இந்த ஸ்டோர் மட்டுந்தான். இதுவும் போனால் ஊர் ஊராய்ப் போய்த் தண்ணி மோட்டர் திருத்த வேண்டியதுதான்.

சுவிட்சைக் கழற்றிக் கையில் எடுத்தான். மீட்டரை வைத்து அழுத்தினான்; கீச்சிட்டது. விட்டான், ஓய்ந்தது. பழுதே இல்லை. திரும்பச் சீட்டுக்குக் கீழே பூட்டியதுதான் தாமதம், மீட்டர் விடாமல் கீச்சிடத் தொடங்கியது. கையில் இருந்தால் நல்ல பிள்ளை, சீட்டுக்குப் போனால் சைத்தான்.

சாரதி ஃபைஸலுக்குப் போன் எடுத்தான். திங்கட்கிழமையிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை.

"என்னடா செஞ்ச இந்த சீட்டுக்கு? என்ட சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு வீட்டில படுத்திருக்கியா?"

"நான் ஒண்டும் செய்யல்ல நானா. நான் இனி அதில ஏற மாட்டன்."

"ஏன்?"

ஃபைஸல் குரலைத் தாழ்த்தினான். "அதில இருந்தா ஆர்ட மடியிலயோ இருக்கிற மாதிரி இருக்கு நானா. அந்த ஆள்ட முழங்கால் ரெண்டும் எனக்குத் தட்டுது."

"போடா விசரா!" லாபிர் போனை வைத்தான். வேலைக்குக் கள்ளம், அதற்கு ஒரு பேய்க்கதை வேறு!

ஆனாலும் டோர்ச்சை எடுத்துச் சீட்டில் அடித்துப் பார்த்தான். மெத்தை குழிந்திருந்தது. பழைய மெத்தை, ஏலத்தில் எடுத்த மெஷின், குழியாமல் என்ன செய்யும்? சீட்டுக்குப் பக்கத்தில் சாரதியின் பாரத்தைக் காட்டும் சின்ன முள் எண்பது கிலோவில் நின்றது. விரலால் தட்டினான். முள் நடுங்கிவிட்டு மறுபடி எண்பதுக்கே வந்தது. உப்புப் பிடித்திருக்கும். இந்தக் களப்போரத்தில் எதில்தான் உப்புப் பிடிக்கவில்லை?

பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் தொடங்கியது. இனி ஓடினாலும் பிந்தித்தான் போக வேண்டும். வெட்கமும் கோபமும் ஒன்றாகப் பொங்கின. போதும். சுவிட்சைப் பிடுங்கி எறிந்தான். அந்த இரண்டு வயர்களிலும் வீட்டில் லைட்டுக்குப் போடும் சாதாரண சுவிட்ச் ஒன்றை முடுக்கினான். கையால் அணைத்தால் ஆள் இறங்கியாச்சு, போட்டால் ஏறியாச்சு. இனி சீட் என்ன சொன்னாலும் மெஷின் காதில் விழாது.

மெஷினின் திறப்புச் சாவியைத் திருப்பினான். சுவிட்சை அணைத்தான். போட்டான்.

முப்பத்தேழு மறைந்தது. பூச்சியம்.

"அல்ஹம்துலில்லாஹ்!" வாய்விட்டுச் சிரித்தான். வேலை தப்பியது. கையைத் துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினான்.

முதுகுக்குப் பின்னால் பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது.

மோட்டர் மெல்ல முனகியது. ஸ்டியரிங் தானாகச் சுற்றியது, அவசரமில்லாமல், பழகிய கை பிடித்துச் சுற்றுவதைப் போல. மெஷின் அவனை உரசாமல் விலகிப் போய், உப்பு மூட்டைகள் அடுக்கிவைத்த மரப் பலட்டுகளின் முன்னால் நின்றது. முன்னால் நீட்டியிருந்த இரும்புக் கவைகள் இரண்டும் ஒரு பலட்டுக்குக் கீழே நுழைந்தன. ஒரு தொன் உப்பு ஆடாமல் அசையாமல் மேலே எழும்பியது. பின்னுக்கு எடுக்கும் முன் ஹோர்ன் அடித்தது. நல்ல சாரதிகள் அப்படித்தான் அடிப்பார்கள்.

"ஃபைஸல்?"

அவன் இல்லையென்று லாபிருக்கே தெரியும்.

பலட் வாசலுக்குப் போனது. குறுக்கே இறங்கியது. மெஷின் திரும்பி வந்தது.

வயரைப் பிடுங்க ஓடினான். கவைகள் சட்டென்று அவன் வயிற்றுக்கு நேராகத் திரும்பின. நின்றான். அவையும் நின்றன. ஓரடி பின்வாங்கினான். கவைகள் தாழ்ந்து அடுத்த பலட்டை எடுக்கப் போயின. ஹோர்ன். இரண்டாவது பலட்.

வாசலைப் பார்த்து ஓடினான். மூன்றாவது பலட் அவனை முந்தியது.

"ஹாஜியார்! ஆராவது வாங்க!"

தூரத்தில் தக்பீர் கேட்டது. பிறகு ஊரே அமைதியாகிவிட்டது. எல்லாரும் தொழுகையில்.

நான்காவது பலட் மேலே ஏறி உட்கார்ந்தது. வெளிச்சம் போனது. சாக்கு ஒன்று கிழிந்து உப்பு நிலத்தில் சரசரவென்று கொட்டுவது மட்டும் கேட்டது. லாபிர் வாசலோரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டான். கலிமா வாய்க்குள்ளேயே நின்றது. பயம். வெறும் பயம்.

மெஷின் அவனுக்கு முன்னால் வந்து நின்றது. கவைகள் நிலத்தில் இறங்கின. பிரேக் விழுந்தது. திறப்புச் சாவி தானாகத் திரும்பியது. மோட்டர் ஓய்ந்தது. திரை மட்டும் இன்னும் பச்சையாக மினுங்கியது.

சீட் மெத்தை மூச்சுவிட்டது. மெல்ல மெல்ல உப்பி மேலே வந்தது.

மெஷினில் ஏறி இறங்கும் படிப்பலகை கிறீச்சிட்டுத் தாழ்ந்தது.

கொட்டிக் கிடந்த வெள்ளை உப்பில், அந்தப் பச்சை வெளிச்சத்தில், வெறுங்கால் ஒன்று பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பத்து விரல்களும் லாபிரைப் பார்த்தபடி.