உலைக்குள் முப்பத்தேழு டிகிரி

1989 ஜனவரி 11 அன்று, ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பாலையின் உலைக்குள் செங்கல் மாற்ற இறங்கிய ஆஞ்சப்பன் வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. மாலையில் உலை பற்றவைக்கப்பட்டது. அவர் பெங்களூருக்கு ஓடிவிட்டார் என்று நிர்வாகம் சொன்னது. அவர் மனைவி நஞ்சம்மாவுக்குக் கம்ப்யூட்டர் அறையைப் பெருக்கும் வேலை கொடுத்தது.

ஏப்ரலில் அந்த அறையில் சம்பங்கி உட்கார்ந்திருந்தாள். எம்.எஸ்சி. கணிதம், கடைசி ஆண்டு. உலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எரியும் உலையின் வெப்பமானிகள் தரும் அளவுகளிலிருந்து ஒவ்வொரு கட்டத்தின் வெப்பத்தையும் கணக்கிடுவது அவள் ஆய்வு. சுவருக்கு அப்பால் உலை சீராக இரைந்தது. எரிந்த மணலின் வாடை அவள் தலைமுடிவரை ஏறியிருந்தது. பிரிண்டர் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே எண்களைத் துப்பியது. எங்கும் தொள்ளாயிரம். ஒரு கட்டத்தில் மட்டும் முப்பத்தேழு.

"முப்பத்தேழா? மனுஷ உடம்புச் சூடு!" வழிகாட்டிப் பேராசிரியர் மூர்த்தி சிரித்தார். "அந்தச் சூட்டுல காய்ச்சல்கூட இல்லாம எவன்ம்மா உள்ள உக்காந்திருக்கான்? சுத்தி இருக்கற நாலு கட்டத்தோட சராசரியைப் போட்டு மூடு. நாளைக்குக் குடுக்கலைன்னா உனக்கு ஒரு வருஷம் போச்சு."

அவர் போனதும் புரோகிராமில் பிழை தேடினாள். இல்லை. மறுபடி ஓட்டினாள். முப்பத்தேழு பக்கத்துக் கட்டத்துக்கு வந்திருந்தது. அடுத்த தாளில் இன்னும் ஒரு கட்டம் தள்ளி. தாள்களைத் தரையில் வரிசையாக விரித்தாள். அது உலையின் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மெதுவாக. தவழ்வதுபோல.

கடைசித் தாள். கதவுக் கட்டம்.

சுவருக்கு அப்பால், இரும்பில், மூன்று தட்டு.

நஞ்சம்மாவின் துடைப்பம் நின்றது. "கேட்டுச்சா பாப்பா?" அவள் முகம் மலர்ந்தது. "எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் கதவு தட்டுவாரு."

மறுபடி தட்டு. இப்போது வேகமாக.

உலையை நிறுத்தச் சொல்ல மேசைமேல் போன் இருந்தது. நிறுத்தினால் ஆய்வு இல்லை. பட்டம் இல்லை.

"மெஷின் சத்தம்க்கா," என்றாள் சம்பங்கி. கதவுக் கட்டத்தில் சராசரியைப் போட்டாள்.

அதன்பின் தட்டு வரவில்லை.

பிரிண்டர் ஓடியது. எங்கும் தொள்ளாயிரம். மயிர் கருகும் வாடை.

"நின்னு போச்சே." நஞ்சம்மா சுவரில் காதை வைத்தாள். பிறகு தானே தட்டினாள். மூன்று முறை. காத்திருந்தாள்.

ஆய்வு மறுநாள் ஒப்படைக்கப்பட்டது. சம்பங்கிக்கு முதல் வகுப்பு கிடைத்தது. நஞ்சம்மாவின் வேலை நிரந்தரமாக்கப்பட்டது.