கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

பின்னறையில் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. ஒரு சக்கரம் மட்டும் பழுதாகி, தள்ளினால் கீச்சென்று இழுத்து, ஒரு நொண்டு நொண்டி, மறுபடி இழுக்கும் அந்த வண்டியின் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அக்காவின் கணவர் மருத்துவமனைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். விலை போகாத கட்டில்களும் சக்கர நாற்காலிகளும் வீட்டின் பின்னறையில்தான் வந்து அடைந்தன. அதனால் சத்தம் புதிதில்லை. வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதுதான் புதிது.

மழை பிடித்த மத்தியானம். கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்றுவிட்டதால், அது ஓடும்போது கேட்காத சின்னச் சின்ன சத்தங்களெல்லாம் தைரியம் வந்ததுபோல் வெளியே வந்திருந்தன. குழாய் சொட்டியது, ஜன்னல் மரம் ஈரத்தில் ஊதி முனகியது, மடிக்கணினி தன் பாட்டுக்கு உஸ்ஸென்று மூச்சு விட்டது. எல்லாவற்றுக்கும் மேலே பினாயில் நெடி. துடைப்பத்தை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாத மனிதர் மாமா. இன்று காலையில் அவரே பின்னறையைக் கழுவிவிட்டிருந்தார்.

"உங்கக்கா எங்கம்மாவப் பாக்கப் போயிருக்கா. வர ரெண்டு நாளாகும்" என்று கைகளைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சாயங்காலம் வண்டி வரும். அந்தப் பழைய ஸ்ட்ரெச்சர எடுத்துட்டுப் போயிடுவேன். நீ பாட்டுக்குப் படி, நரகம்."

நரகம் என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். கிரேக்கத் துன்பியல் நாடகங்களையும், இடைக்காலத் துறவிகள் கண்ட நரகக் காட்சிகளையும் சேர்த்து அவள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெயர்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார். உதவாத சுரைக்காய்க்கு ஒரு அறையும் மேசையும் கொடுத்திருப்பதை மறக்கவிடவும் மாட்டார். ஆய்வேட்டில் ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. அது முடியும்வரை அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அது மாமாவுக்கும் தெரியும்.

அவர் போன பிறகுதான் அவள் வாசலைப் பார்த்தாள். அக்காவின் செருப்பு கிடந்தது. சாப்பாட்டு மேசைமேல் அக்காவின் மூக்குக் கண்ணாடி இருந்தது. கண்ணாடி இல்லாமல் அக்காவுக்கு வாசல்படிகூடத் தெரியாது.

இரண்டையும் பார்த்துவிட்டு அவள் வந்து எழுத உட்கார்ந்தாள். அப்படித்தான் அந்த வீட்டில் பழக்கம்.

அந்த நாடகங்களில் கொலையை யாரும் பார்ப்பதில்லை. அது மூடிய கதவுக்குப் பின்னால்தான் நடக்கும். அலறல் மட்டும் வெளியே வரும். வெளியே நிற்கும் ஊர்க்காரக் குழு அதைக் கேட்கும். உள்ளே போகலாமா என்று பேசும், இன்னும் நிச்சயமாகத் தெரியட்டும் என்று பேசும், பேசி முடிக்கும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். பிறகு கதவு திறக்கும். சக்கரம் வைத்த மேடை ஒன்று பிணத்தைச் சுமந்து உருண்டு வெளியே வரும். அந்தக் குழு ஏன் கதவைத் தாண்டுவதில்லை என்பதுதான் அவளுடைய அத்தியாயம். நல்லது எதுவென்று உண்மையாக அறிந்தவன் தீமை செய்யமாட்டான் என்று வாதிட்ட தத்துவத்தை அதில் ஒரு பிடி பிடித்திருந்தாள். அறிந்தும் அசையாமல் நிற்பவர்களை அந்தத் தத்துவம் எங்கே வைக்கும் என்று கேட்டிருந்தாள். பதிலுக்கு, செத்துக் கிடந்து மறுபடி எழுந்த ஒரு துறவியின் நரகக் காட்சியைக் கொண்டுவந்திருந்தாள். நெருப்பு இல்லாத நரகம். முடிவில்லாத நடைவழியும் வரிசையாகக் கதவுகளும் மட்டுமே அங்கே உண்டு. ஒவ்வொரு கதவிலும் ஒரு ஆள், காது மரத்தோடு ஒட்டிப்போய், கேட்டுக்கொண்டே நிற்பான்.

"இந்த நரகம் கொஞ்சம் சப்புன்னு இருக்கே" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். ஆனால் அலறலைப் பற்றி அவள் எழுதிய பக்கங்களைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். முதலில் மொத்தென்று ஒன்று, பிறகு யாரும் எதிர்பார்க்காத மௌனம், அதற்கப்புறம் தனக்கே கேட்கக்கூடாது என்பதுபோல் அடக்கிய ஒரு சின்னக் குரல். "கதவுக்கு வெளிய நீங்களே நின்னு கேட்ட மாதிரி இருக்கும்மா" என்றார். அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

ஏனென்றால் அவள் நின்று கேட்டதுதான்.

"ஸ்டாக் பாக்கணும், வா" என்று மாமா கூப்பிடுவார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் போவாள். பின்னறைக் கதவு சாத்தப்படும். "மூடின கதவ நீ தட்டாத பாப்பா. நீ படிச்சு முடி, அது போதும் எனக்கு" என்று அக்கா ஒருநாள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். அவள் தட்டவில்லை. காதை மட்டும் வைத்தாள். முதலில் பயத்தில் வைத்தாள். பிறகு அத்தியாயத்துக்காகவும் வைத்தாள். ஒருமுறை மாமா சட்டென்று வெளியே வந்து பார்த்துவிட்டார். "சுவருக்கும் காது உண்டும்பாங்க. நம்ம வீட்ல கதவுக்கே காது முளைச்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை அக்கா காபி டம்ளரை நீட்டி, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்பாள்: "ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லக்கா. நல்லாத் தூங்கிட்டேன்."

அக்காவின் தோள் தளரும். அது நிம்மதி என்றே அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

நேற்று ராத்திரி அந்த அடக்கிய சின்னக் குரல் வரவில்லை. மொத்தென்று ஒன்று. மௌனம். அந்த மௌனம் நீண்டுகொண்டே போய், கடைசியில் சக்கரம் உருண்டது. கீச், ஒரு நொண்டு, கீச். அவள் அறைக்குத் திரும்பி வந்து அதையும் எழுதிவைத்தாள். நல்ல வாக்கியமாக வந்திருந்தது.

இப்போது அதே சக்கரம் மறுபடி உருண்டது. கூடவே மரத்தில் நகம் படுவதுபோல் ஒரு சுரண்டல்.

அக்காவுக்கு உயிர் இருக்கிறது.

அந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்து ஓடினாள். பின்னறைக்கு இல்லை, வாசலுக்கு. எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். அடிபட்டவளைத் தூக்க, மூச்சுப் பார்க்க ஒரு நர்ஸ் கூட இருந்தால் நல்லது என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டாள். தனியாகப் போக நடுக்கம். அதுதான் நிஜம்.

நர்ஸ் கதவைப் பாதி திறந்து, சங்கிலியை எடுக்காமல் நின்றாள்.

"நேத்து ராத்திரி எங்க வீட்ல ஏதாவது கேட்டுச்சா?"

"எனக்கு நைட் டூட்டி. நான் வீட்லயே இல்ல."

நேற்று அந்த ஜன்னலில் விளக்கு எரிந்ததும், சத்தம் வந்தபோது அது அணைந்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? அக்கா உள்ள..."

"உங்க மாமா வரட்டுமே. புருஷன் பொண்டாட்டி விஷயம். நாம போய்த் தலையிட்டா நாளைக்கு நம்மளத்தான் சொல்வாங்க."

கீழ்ப்படியில் பக்கத்து வீட்டு வாத்தியார் குடையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். "எங்க வீட்ல டிவி ஓடிட்டிருந்துச்சும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவர்கள். தன் அத்தியாயத்தில் வரும் குழு இதே நியாயங்களை இதே வரிசையில் சொல்வது அவளுக்கு நினைவு வந்தது. அவள் திரும்பி வீட்டுக்குள் நடந்தாள். வாசல் கதவைச் சாத்தவும் தோன்றவில்லை.

பின்னறைக்குப் போகும் நடை அத்தனை நீளம் இல்லை. இன்று நீண்டிருந்தது. மழை இருட்டு சுவரிலிருந்து வழிந்து தரையில் தேங்கி நின்றது; பினாயிலுக்கு அடியில் இன்னொரு வாடை, இரும்பும் இனிப்பும் கலந்த வாடை, பக்கத்தில் போகப் போக நாக்கிலேயே பட்டது. கதவின் வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதை எடுத்தாள். சத்தமில்லாமல் வந்தது. உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. இனி ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

உள்ளே சுரண்டல். பிறகு மூச்சு. கொஞ்சமாக, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல்.

அக்கா, அக்கா, இதோ வந்துட்டேன்க்கா.

கை தள்ளத்தான் போனது. அதற்குள் தலை சாய்ந்துவிட்டது. பழக்கம். உள்ளே என்னவென்று முதலில் கேட்டுக்கொள்ளலாம். நிச்சயமாகத் தெரியட்டும். ஒரே ஒரு நிமிஷம். அவள் காதை மரத்தில் வைத்தாள்.

சுரண்டல் நின்றது.

மூச்சு ஒருதரம் இழுத்தது. காத்திருந்தாள். இன்னொரு தரம் இழுத்தது. காத்திருந்தாள். அடுத்தது வரவில்லை.

அவள் தலையை எடுக்கப் பார்த்தாள்.

காது வரவில்லை.

இழுத்தாள். காதோரத் தோல் விறைத்து வலித்தது. உள்ளங்கையை ஊன்றித் தள்ளினாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. மரத்துக்குள் ஏதோ துடித்தது. தன் ரத்தம்தான் என்று நினைத்தாள். இரண்டு துடிப்பும் ஒன்றாக இல்லை.

கதவு உள்பக்கமாகத் திறந்தது. யாரோ மெதுவாக இழுத்துத் திறந்ததுபோல். அது சுழலச் சுழல, ஒட்டிய காதோடு அவளும் நகர்ந்தாள். வலி தாங்காமல் காலை இழுத்து இழுத்து வைத்தாள். கதவு நின்றபோது அறை முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் நடையைப் பார்த்து இருந்தது. தலையைத் திருப்ப முடியவில்லை.

வாசலில் அவர்கள் வந்திருந்தார்கள். நர்ஸ். வாத்தியார். அவர்களுக்குப் பின்னால் மாடி வீட்டுக்காரர்களின் நிழல்கள். யாரும் படியைத் தாண்டவில்லை. நர்ஸின் கையில் செல்போன் வெளிச்சம். அந்த வெளிச்சம் அவள் தோளைத் தாண்டி அறைக்குள் விழுந்தது.

அவர்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

வாத்தியாரின் வாய் மெல்லத் திறந்தது. மூடவே இல்லை. வெளிச்சம் ஆடியது.

கீச்.

ஒரு நொண்டு.

கீச்.

"அக்காவக் கூட்டிட்டுப் போங்க" என்று அவள் கத்தினாள். "யாராவது உள்ள வாங்க."

ஒருவரும் வரவில்லை. நர்ஸ் தலையைச் சாய்த்தாள். வாசல் நிலையின் மரத்தில் காதை வைத்தாள். வாத்தியாரும் வைத்தார். பின்னால் நின்ற நிழல்கள் ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்ந்தன. வெளிச்சம் அணைந்தது.

சக்கரம் அவள் முதுகுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அக்காவின் தலை எண்ணெய் வாசனை. ஈரத் துணியின் வாடை. ஒட்டாத காதின் ஓரமாக ஒரு வாய் வந்தது. மூச்சு இல்லாத வாய்.

"பாப்பா. ஏதாவது கேட்டுச்சா?"

கேட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவள் வாழ்க்கையில் எதையும் அத்தனை ஆசையாகச் சொல்ல நினைத்ததில்லை.

"இல்லக்கா" என்றது அவள் வாய். "நல்லாத் தூங்கிட்டேன்."

வாசல் பக்கம், இருட்டில், ஒவ்வொரு குரலாக எழுந்தது. எனக்கு டூட்டி. எங்க வீட்ல டிவி. ஒண்ணும் கேக்கல. ஒண்ணும் கேக்கல.

குளிர்ந்த கை ஒன்று அவள் தலையை, குழந்தையைத் தடவுவதுபோல் தடவி, மரத்தோடு இன்னும் கொஞ்சம் அழுத்தியது. மரத்துக்குள், வெகு ஆழத்தில், அடுப்பை அணைக்கும் சத்தம். அக்காவின் காலடி. கதவு சாத்தப்படும் சத்தம்.

பிறகு மாமாவின் குரல், நேற்றுக் கேட்ட அதே நிதானத்தில்.

"ஸ்டாக் பாக்கணும், வா."