கஞ்சன் குடித்த பால்

அவள் இன்னும் அழுத்தவே இல்லை. கணவனின் நெஞ்சிலிருந்து தொங்கும் குழாயைக் கழுவ உப்புநீர் சிரிஞ்சை அதில் மாட்டி, கிளிப்பைத் திறந்துவிட்டுப் பஞ்சு எடுக்கத் திரும்பினாள். அதற்குள் சிரிஞ்சு தானாகவே காலியாகியிருந்தது.

குடல் கைவிட்ட நாளிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணீர் எல்லாமே அந்தக் குழாய்தான். பால்போல ஒரு திரவம், தினமும் ஒரு பை, நெஞ்சின் பெரிய நரம்புக்குள் நேராக இறங்கும். கொஞ்ச நாளாகக் குழாயில் கோளாறு. ஊற்றினால் வாங்கிக்கொள்ளும், சிரிஞ்சால் இழுத்தால் ஒரு சொட்டு ரத்தம்கூடத் தராது. கஞ்சன் என்று அவளே அதற்குப் பெயர் வைத்திருந்தாள். பை பையாக ஏற்றியும் அவன் துரும்பாக இளைத்துக்கொண்டே போனான். குழாய் நுழையும் துளையில் திரிந்த பாலும் பழைய ரத்தமும் கலந்த வாடை. கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வரும். கட்டிய கணவனிடமே அருவருப்பா என்று தன்மேல் எரிச்சலும் வரும்.

“மத்த நரம்பெல்லாம் அடைஞ்சுபோச்சும்மா. இருக்கறது இந்த ஒரு வழிதான்,” என்றார், எக்ஸ்ரேயில் பார்த்தபடியே குழாய் மாற்றும் டாக்டர். “குழாயைச் சுத்தி உடம்பே உறை மாதிரி ஒரு தோலை வளர்த்துக்கும். அதைக் கிழிச்சுட்டு, அதே வழியில புதுசைப் போட்டுடலாம்.”

“இத்தன நாளு ஏத்துன பாலெல்லாம் எங்க டாக்டர் போச்சு?”

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

ஜன்னலில்லாத குளிர் அறை. மரத்துப்போக மட்டும் ஊசி போட்டிருந்ததால் அவன் விழித்தே கிடந்தான். எக்ஸ்ரே படாமலிருக்க மாட்டிய கனத்த ஈய அங்கிக்குள் வியர்த்தபடி அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். வழி மூடிவிடாதிருக்க மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே நிறுத்திவிட்டு, டாக்டர் பழைய குழாயை உருவினார். கொழகொழவென்று, சப்பிப்போட்ட எலும்புபோல வந்தது. அதைத் தட்டில் போட்டார். பிறகு எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்தினார். இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

குழாய் தட்டில் கிடந்தது. திரையில், அவன் நெஞ்சுக்குள், அதே நீளத்தில் அது இன்னும் இருந்தது.

“உறைதான். வெறும் தோல்,” என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது.

அதன் நுனி திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

“பசிக்குது,” என்றான் கணவன்.

வருஷக்கணக்காக அவன் வாயில் வராத சொல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “என்ன வேணும்? சொல்லுங்க.”

“எனக்கில்ல.”

கம்பி டாக்டரின் விரல்களிலிருந்து நழுவியது. உள்ளே. முழுவதும். பதறிப்போய் அவள் துளைமேல் பஞ்சை வைத்து அழுத்தினாள். ரத்தம் வரவில்லை. பஞ்சு நகர்ந்தது. சப்பும் சத்தம். பஞ்சின் ஓரம் மறைந்தது. கையை இழுத்தாள். வரவில்லை.

ஈரமாக, வெதுவெதுப்பாக, பல் முளைக்காத ஈறுபோல ஒன்று அவள் விரல்நுனியைக் கவ்வியிருந்தது.