ஐந்தாவது பொம்மை

ஐந்தாவது பொம்மை மட்டும் கடலைப் பார்க்காமல் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மேஸ்திரி நடையை நிறுத்தினான். கப்பலில் கயிறு, சங்கிலி, நங்கூரம் எல்லாம் அவன் பொறுப்பு என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பின்தளத்தின் கம்பியோரம் நிற்கும் இந்த ஐந்து பொம்மைகளையும் கட்டியது அவன்தான். பழைய பாய்லர் சூட் உடுப்புக்குள் எண்ணெய்க் கந்தலைத் திணித்து, சாக்கில் தலை செய்து, ஹெல்மெட்டைக் கவிழ்த்து, கையில் ஆளுக்கொரு இரும்புக் குழாயை வைத்து, கப்பல் எவ்வளவு ஆடினாலும் விழாதபடி கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தான். தூரத்திலிருந்து பார்க்கிற கொள்ளையனுக்கு ஆள் காவல் நிற்பது போலத் தெரிய வேண்டும். இந்தக் கடலைத் தாண்டுகிற சரக்குக் கப்பல்கள் செய்கிற வேலைதான் இது. இருக்கிற நாலு ஆளை வைத்துக்கொண்டு ராப்பகலாக யாரை நிறுத்துவது?

ஆனால் கடலைப் பார்த்துக் கட்டிய பொம்மை தானாகத் திரும்பாது.

"மாப்ள வேலை" என்று முணுமுணுத்தான். வேறு யார் செய்வார்கள்?

மாப்பிள்ளை என்றால் தங்கச்சி புருஷன். வேலையில்லாமல் திரிந்தவனை ஏஜெண்டின் கையைக் காலைப் பிடித்து இதே கப்பலில், இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற வேலைக்கு ஏற்றிவிட்டது மேஸ்திரிதான். சரியான வாயாடி. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் தாளம் போடாமல் ஒரு வாய் இறங்காது. பொம்மை கட்டிய அன்று உதவி செய்கிறேன் என்று வந்து, கரித்துண்டால் ஐந்துக்கும் மீசை வரைந்துவிட்டுப் போனான்.

"இது உங்க சித்தப்பா மச்சான். கல்யாண போட்டோவுல எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிப்பாரே, அதே மூஞ்சி."

"மூஞ்சிய விடு. முடிச்சு ஒழுங்காப் போட்டியா? காட்டு. தூ, இது முடிச்சா? இழுத்தா கையோட வருது."

"எனக்கு முடிச்சு போட்டுவிட்டதே நீங்கதானே மச்சான். உங்க தங்கச்சி கழுத்துல போட்டது ஒண்ணு போதாதா?"

இவனிடம் கோபப்படவும் முடியாது. போன வாரம் தங்கச்சி போனில் அழாத குறையாகச் சொன்னாள். "அண்ணே, அவருக்கு எதையும் விளையாட்டாத்தான் எடுத்துக்கத் தெரியும். கூட்டிட்டுப் போனது நீ. முழுசாக் கொண்டாந்து சேக்க வேண்டியதும் நீதான்." மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னான், "நான் இருக்கேன்ல, உனக்கு என்னடி பயம்?"

பொம்மையைத் திருப்பிக் கடல் பக்கம் இறுக்கிக் கட்டிவிட்டு முன்தளத்துக்கு நடந்தான்.

காலையிலிருந்தே மனசு சரியில்லை. தங்களுக்கு முன்னால் போன ஒரு கப்பலிலிருந்து ரேடியோவில் பதில் வரவில்லை என்று மத்தியானம் கேப்டன் சொன்னார். அதற்கப்புறம் வலையே இல்லாத ஒரு மீன்பிடிப் படகு வெகு தூரத்தில் கூடவே வந்து, வெயில் சாயும்போது காணாமல் போனது. இப்போது கடல் இருட்டிக்கொண்டு வந்தது. சரக்கு நிரம்பிய கப்பல் தண்ணீரில் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது. முள்கம்பிச் சுருளுக்குக் கீழே அலை இரும்பை நக்கி நக்கிப் பின்வாங்கும் சத்தமும், காலுக்கடியில் இன்ஜின் உறுமும் அதிர்வும், எங்கேயோ ஒரு கதவின் கொக்கி தளர்ந்து டக் டக்கென்று அடிப்பதும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. வெளி விளக்குகளை அணைத்திருந்தார்கள். நாலடிக்கு ஒரு தடவை கம்பிக்கு மேலே எட்டிப் பார்த்துத் தண்ணீரிலிருந்து ஏணி ஏதும் சார்த்தியிருக்கிறதா என்று தேடினான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்தும் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான்.

திரும்பிப் பின்தளத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது.

ஐந்தாவது பொம்மை மறுபடியும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சனியன்" என்று சொல்லிக்கொண்டு போய்த் தோளைப் பிடித்தான். கந்தல் அமுங்குவது போல அமுங்கவில்லை. உள்ளே எலும்பு இருந்தது. துணி சூடாக இருந்தது. சாக்கு முகத்தில் கரி மீசைக்குக் கீழே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், சாக்கு மெல்ல உள்ளே போனது. வெளியே வந்தது.

மூச்சு.

அவன் ஓடினான். எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. பின்னால் பூட்ஸ் சத்தம் துரத்திக்கொண்டு வந்தது. யாரோ எதையோ கத்தினார்கள்; இன்ஜின் இரைச்சலில் வார்த்தை விளங்கவில்லை. நடைவழிக்குள் பாய்ந்து கதவை அறைந்து தாழ் போட்டான். அபாய மணியைக் கையால் குத்தினான். கப்பல் முழுக்கச் சங்கு அலறியது.

"ஏறிட்டானுங்க கேப்டன்! பின்தளத்துல! பொம்மையா நிக்கிறான்! நான் தொட்டே பார்த்தேன்!"

இதற்கென்று பழகிவைத்த ஒழுங்கு உண்டு. கேப்டன் ரேடியோவில் உதவி கேட்டார். இன்ஜினை நிறுத்தினார்கள். விளக்கெல்லாம் அணைந்தது. எல்லோரும் கீழே, பின்தளத்துக்கு நேர் அடியில் இருக்கும் சுக்கான் அறைக்குள் ஓடினார்கள். தடித்த இரும்புக் கதவு. உள்ளிருந்து குறுக்குக் கம்பி. ஒரு தடவை பூட்டினால் கடற்படை வரும்வரை யாருக்காகவும் திறப்பதில்லை. டார்ச் வெளிச்சத்தில் கேப்டன் தலைகளை எண்ணினார்.

ஒரு தலை குறைந்தது.

"மாப்ள எங்க? என் மாப்ளயப் பாத்தீங்களா?" மேஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "டூட்டி முடிஞ்சு காத்து வாங்கப் போறேன்னு சொன்னான்பா."

அப்போது கதவு தட்டப்பட்டது. தட்டில் போடும் அதே தாளம்.

"மச்சான்!" கதவுக்கு மேலே இருந்த காற்றுக்குழாய் வழியாகக் குரல் வந்தது. மூச்சு வாங்கியது, பாதி சிரிப்பு. "மச்சான், நான்தான்! பொம்மையா நின்னது நான்தான். உங்கள பயமுறுத்தலாம்னு... நீங்க கதவத் தாழ் போட்டுட்டீங்க. சுத்திக்கிட்டு மேல, கப்பல் ஓட்டுற பிரிட்ஜுக்குப் போய் கேப்டன்கிட்ட சொல்லலாம்னு ஏறினேன், அங்க ஒருத்தரையும் காணோம். கொள்ளக்காரன் எவனும் வரல மச்சான். கதவத் தொறங்க."

மேஸ்திரியின் கை குறுக்குக் கம்பிக்குப் போனது. கேப்டனின் கை அதன் மேல் விழுந்தது.

"முதுகுல துப்பாக்கிய வச்சுப் பேசச் சொல்வாங்க. இதேமாதிரி சிரிச்சுக்கிட்டே பேசச் சொல்வாங்க."

"அவன் குரல் எனக்குத் தெரியாதா கேப்டன்?"

"குரல் அவனுதுதான். பக்கத்துல யாரு நிக்கிறான்னு உனக்குத் தெரியுமா? இத்தனை பேரு உசுரு இது."

எல்லோரும் மேஸ்திரியின் கையையே பார்த்தார்கள். அவன் தள்ளிப் பார்த்தான். பலமாகத் தள்ளவில்லை. தோளில் தொட்ட அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. அது மாப்பிள்ளையின் தோள் என்று அறிவு சொன்னதை உடம்பு நம்ப மறுத்தது.

"மச்சான், போதும். தப்புதான். கால்ல வேணும்னாலும் விழறேன்." சிரிப்பு போயிருந்தது. "கேப்டன் சார், சம்பளத்தப் பிடிச்சுக்கங்க. இன்ஜினையாவது ஓட்டுங்க சார், கப்பல் சும்மா மிதக்குது."

போனான். காலடி மேலே ஏறிப் போவது கேட்டது. கப்பல் நின்ற இடத்தில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியிருந்தது, இருட்டில், ஓட வழியில்லாமல். அந்த அறையில் வேர்வையும் கிரீஸும் நாறின. யாரோ வாய்க்குள் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெகு நேரம் கழித்துக் காலடி தடதடவென்று இறங்கி வந்தது. இந்த முறை தாளமில்லை. இரண்டு கையாலும் அடித்தான்.

"மச்சான், படகு வருது. சத்தியமா வருது. ஏணி வச்சிருக்கானுங்க. மச்சான்... அவளுக்கு நான் என்ன..."

பாதியில் நின்றது. மூச்சு மட்டும் குழாய் வழியாக வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"கேப்டன், தொறங்க" என்றான் மேஸ்திரி. கேப்டன் கதவில் சாய்ந்து நின்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

பிறகு மேலே, தலைக்கு நேராக, நிறைய கால்கள். பூட்ஸ் இல்லாத கால்கள். வேற்றுப் பேச்சு.

மாப்ள எங்காவது ஒளிந்திருப்பான். அலமாரியிலோ மூட்டைகளுக்கு நடுவிலோ. கெட்டிக்காரப் பயல். அவனை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு வெடி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு மேலே சிரிப்பு.

சமையல்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அட, பொம்மையச் சுடுறானுங்கப்பா!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆளுன்னு நெனச்சுட்டானுங்க, முட்டாப் பசங்க! சுடட்டும், தோட்டா தீரட்டும்!"

பயத்தில் வெடவெடத்துப்போயிருந்த அத்தனை பேரும் சத்தம் வராமல் குலுங்கிச் சிரித்தார்கள். மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தான். மூன்றாவது வெடி. நான்காவது.

ஐந்தாவது.

ஒரு இரும்புக் குழாய் தளத்தில் விழுந்தது.

மேஸ்திரியின் சிரிப்பு நின்றது. குழாய் விழாது. கட்டுக்கம்பியால் அவனே முறுக்கியது. ஐந்தையும். விழாது.

குழாய் உருண்டது. கப்பல் இடப்பக்கம் சாய, இடப்பக்கம். வலப்பக்கம் சாய, வலப்பக்கம். மேலே கால்கள் அலைந்தன. கதவை உடைத்துப் பார்த்தார்கள். இன்ஜினைக் கிளப்பத் தெரியாமல் கத்தினார்கள். கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாச் சத்தமும் ஓய்ந்த பிறகும் அது மட்டும் தலைக்கு மேலே உருண்டுகொண்டே இருந்தது. இங்கிருந்து அங்கே. அங்கிருந்து இங்கே. விடியும்வரை.

கடற்படைக்காரர்கள் வந்து கதவைத் திறக்கச் சொன்னதும் மேஸ்திரிதான் முதலில் ஏறினான். வெயில் இன்னும் ஏறவில்லை. கயிற்று உருளைக்குப் பின்னால் தலையில்லாத ஒரு பொம்மை கிடந்தது. அவன் கட்டியது. கம்பியோரம் ஐந்தும் வரிசையாக நின்றன. நான்கின் நெஞ்சிலிருந்து கந்தல் பிதுங்கித் தொங்கியது.

ஐந்தாவதிலிருந்து கந்தல் வரவில்லை.

தலையில் சாக்கு. கரி மீசை. கடலைப் பார்த்து நேராக, ஒழுங்காக, காவல் நின்றது. ஆடி அசைந்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று இடுப்பைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தான். மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முடிச்சு. இழுத்துப் பார்த்தான். வரவில்லை. முதல் தடவையாகச் சரியாகப் போட்டிருந்தான்.

மேஸ்திரி தோளில் கை வைத்தான். இரும்பு மாதிரிக் குளிர்ந்திருந்தது. சாக்கின் வாய்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சாக்கு உள்ளே போகவில்லை. வெளியே வரவில்லை. காலடியில் குழாய் உருண்டு வந்து அவன் பூட்ஸில் இடித்தது, உருண்டு போனது, மறுபடியும் வந்தது.