சீதா கல்யாணத்துத் தாலி

ஈஸ்டர் ஞாயிறு காலை, மஹாதேவன் இரண்டாவது டம்ளர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது சந்தானம் மூச்சிரைக்க உள்ளே வந்தார். மேல்துண்டு தோளில் நிற்கவில்லை.

"தாலி போயிடுத்து ஓய்," என்றார். "சீதைக்குக் கட்ட வேண்டிய தாலி. பெட்டி இருக்கு, தாலி இல்லை."

அடுப்படியிலிருந்த பாகீரதி கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். அவள் கணவர் மஹாதேவன் ரயில்வேயில் க்ளெய்ம் இன்ஸ்பெக்டர். சாந்த்ராகாச்சி யார்டில் காணாமல் போகும் மூட்டை முடிச்சுகளைத் தேடிப் பிடிப்பது அவர் உத்தியோகம். கல்கத்தா காளிகாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கரண்டி தொலைந்தாலும் இந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மஹாதேவன் வாய் திறப்பதற்குள் பாகீரதி நாலு பேரைச் சந்தேகப்பட்டு முடித்திருப்பாள்.

வெள்ளி முதல் திங்கள் வரை ஆபீஸ்களுக்கு விடுமுறை. ராமநவமி உத்ஸவத்தை அந்த விடுமுறையில் நிறைவு செய்வது வழக்கம். வெள்ளியன்று பஜனை நடந்தது. சனியன்று குழந்தைகளின் ஓட்டப்பந்தயமும் கதாகாலட்சேபமும். இன்று காலை சீதா கல்யாணம், பிறகு எல்லாருக்கும் சாப்பாடு. பேங்கில் தலைமை குமாஸ்தாவான சந்தானத்தின் வீட்டில்தான் அத்தனையும்.

"பூஜை அறைக்குள்ளே யார் போனா?" என்று பாகீரதியே ஆரம்பித்தாள்.

"எங்காத்து ராஜலக்ஷ்மி போனா. அடுத்தாத்து நிருபமா மாலை கட்டப் போனா. வேற யாரும் இல்லை. போலீஸைக் கூப்பிட்டு நிருபமா வீட்டைச் சோதனை போடணும்னு உத்ஸவக் கமிட்டியிலே ரெண்டு பேர் குதிக்கறா."

கல்கத்தாவுக்கு வந்த புதிதில் பாகீரதிக்கு வங்காளி பேசக் கற்றுக்கொடுத்தவளே நிருபமாதான். போலீஸ் அந்த வாசலை மிதித்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது?

"முஹூர்த்தம் எப்போ?" என்று மட்டும் கேட்டார் மஹாதேவன்.

"ஒன்பதுக்கு மேலே. அதை விட்டா சாயங்காலம் கோதூளி வேளைதான்."

சந்தானம் முன்னால் விரைய, இருவரும் பின்தொடர்ந்தார்கள். "விடிகாலையிலே அவா ஆத்திலே கோலம் போடப் போனேனே, அப்போ எல்லாம் ஒழுங்காத்தானே இருந்தது," என்று புலம்பினாள் பாகீரதி. "ராஜலக்ஷ்மி மாமியோட பேசிண்டுகூட இருந்தேன்."

"என்ன பேசினே?"

"உங்க யார்டு பியூன் வந்து சொன்னதைத்தான். ராத்திரி அடிச்ச புயல்லே கரக்பூருக்கு அந்தப் பக்கம் மரம் விழுந்து, காலையிலே வர வேண்டிய மெட்ராஸ் மெயில் மத்தியானத்துக்கு மேலேதான் வரும்னு. அவ்வளவுதான், பூ வந்துடுத்தான்னு பார்க்கிறேன்னு மாமி உள்ளே போயிட்டா."

மஹாதேவன் தலையை ஆட்டிக்கொண்டார்.

கல்யாண வீட்டில் நாகஸ்வரம் நின்று போயிருந்தது. நிருபமா நடையின் ஓரத்தில், பாதி கட்டிய மாலையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பாராமல் உட்கார்ந்திருந்தாள். பாகீரதி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பூ மட்டும் தொட்டது, பௌதி," என்றாள் அவள், பாகீரதியை வழக்கம்போல் வங்காளியில் அண்ணி என்று அழைத்து, மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழில். "பெட்டி தொடவே இல்லை."

பூஜை அறையில் சிறிய வெள்ளிப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே குங்குமம் தூவிய ஒரு மஞ்சள் கிழங்கு. பூட்டில் கீறல் இல்லை. ராஜலக்ஷ்மி கதவருகே நின்றாள். புழுக்கத்தில் முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியும் புடவைத் தலைப்பைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"திருடினவன் யாரானாலும் உருப்பட மாட்டான்," என்றார் சந்தானம்.

"அப்படியெல்லாம் சொல்லாதேங்கோ," என்றாள் ராஜலக்ஷ்மி அவசரமாக. "எடுத்து வெச்சவா கொண்டு வந்து வெச்சுடுவா. போலீஸ் மட்டும் வேண்டாம். நிருபமா தொடவே இல்லை, எனக்குத் தெரியும்."

மஹாதேவன் கமிட்டிக்காரர்களை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு நிருபமாவை உள்ளே அழைத்துவரச் சொன்னார். கதவைச் சாத்தினார். ஐந்து பேரே இருந்தார்கள்.

"திருடறவன் பெட்டியோட தூக்கிண்டு போவான்," என்றார் நிதானமாக. "வெள்ளியாச்சே. தாலியை மட்டும் எடுத்து, மங்களப் பெட்டி வெறுமனே இருக்கக் கூடாதுன்னு மஞ்சளும் வெச்சிருக்கா. அது நம்மவா ஆத்துப் பொம்மனாட்டி கை. அந்தப் பழக்கம் நிருபமாவுக்குத் தெரியாது."

"அப்போ யாருன்னா?" பாகீரதியால் பொறுக்க முடியவில்லை.

"எல்லாரும் திருட்டுன்னு சொல்றச்சே ஒருத்தர் மட்டும் 'எடுத்து வெச்சவா'ன்னு சொன்னா. தாலி பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சவாளுக்குத்தான் அந்த வார்த்தை வரும். அதனாலே யாருக்கு லாபம்? தங்கத்துக்காக இல்லை. தாலி காணலேன்னா நடக்கிறது ஒண்ணுதான், கல்யாணம் சாயங்காலத்துக்குப் போகும். மத்தியானம் வர ஒரு ரயிலுக்காக யாரோ காத்திண்டிருக்கா. மெயில் தாமதம்னு இந்த ஆத்துக்குச் சேதி கொண்டு வந்தவ நீதான், பாகீரதி. அதைக் கேட்ட கையோட ஒருத்தர் உள்ளே போனா."

பாகீரதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாலி எங்கே இருக்குன்னு தேட வேண்டாம். இன்னொரு தாலிக்குப் பக்கத்திலே இருந்தா யார் கண்ணுக்குப் படும்? இந்தப் புழுக்கத்திலே போர்த்திண்டு நிக்கறவாளை நான் கேட்கப் போறதில்லை. அவாளே சொல்லட்டும்."

ராஜலக்ஷ்மி தலைப்பை விலக்கினாள். அவள் கழுத்துச் சரட்டில், தன் திருமாங்கல்யத்தோடு சேர்த்துச் சீதையின் தாலியையும் கோத்திருந்தாள்.

"எங்க பிள்ளை பாலு இன்னிக்கு மெயில்லே வரான்," என்றாள். "மதராஸிலேர்ந்து வந்தவா ஒருத்தர் சொன்னா. பேங்க் வேலையை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போனதிலேர்ந்து இவர் அவன் பேரையே எடுக்கறதில்லை. எல்லாரும் கலைஞ்சு போனப்புறம் வந்தான்னா வாசலோட திருப்பி அனுப்பிடுவார். ஊரே கூடியிருக்கறச்சே, ராமன் முன்னாடி, போன்னு சொல்ல வாய் வராதேன்னு நினைச்சேன். பழி நிருபமா மேலே விழும்னு நினைக்கலை." அவள் நிருபமாவின் கையைப் பற்றினாள். "மன்னிச்சுடு."

நிருபமாவுக்குப் பாதிதான் புரிந்தது. பாகீரதி வங்காளியில் சொன்னாள். நிருபமா கேட்டுவிட்டு, "பிள்ளை வருகிறானா?" என்று வங்காளியிலேயே கேட்டு, ராஜலக்ஷ்மியின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

சந்தானம் ராமர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கதவைத் திறந்து முற்றத்தை நோக்கி, "தாலி ஆத்துக்குள்ளேயே இருந்தது. நிருபமாவைச் சொன்னவா அவகிட்ட மன்னிப்புக் கேட்டுண்டு சாப்பிட வாங்கோ. முஹூர்த்தம் சாயங்காலம்," என்றார். மனைவி பக்கம் திரும்பாமலே, "அவனுக்கு இந்த ஊர் மறந்திருக்கும். ஹவுராவிலே வண்டிக்காரன் ஏமாத்திடுவான்," என்று முணுமுணுத்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

பொழுது சாயும் வேளையில் குதிரை வண்டி சந்துக்குள் திரும்பியது. பாகீரதிதான் முதலில் பார்த்தாள். இளைத்துப்போன பையன் கையை வீசிக்கொண்டு கூச்சத்தோடு இறங்கினான். அவனுடைய படுக்கைச் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் இறங்கினார் சந்தானம். ஹவுராவிலிருந்து வரும் வழியெல்லாம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று வண்டிக்காரன் பிற்பாடு சொன்னான்.

வாசலில் ஊரே நின்றிருந்தது. அத்தனை பேர் முன்னிலையில் சந்தானம் சுருளை இறக்கி வைத்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"முஹூர்த்தத்துக்கு நாழியாச்சு பாலு," என்றார். "போய்க் குளிச்சுட்டு வா."

நாகஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்தார்.